தாய்மாமன் கொடுத்த பங்கு



போரால் சிதறிய நம் உறவுகள் பல ரொறன்ரோ நகரில் வாழ்கின்றன. அந்த நகரின் பழைய சாராய வடிசாலையின் கதை இது. சாராயம் நம் லயன்களில் செய்யும் அழிவை நான் அன்றாடம் காண்கிறேன். ஆனாலும் இந்தக் கதையில் நமக்கானது ஒன்று உண்டு.

1831இல் இங்கிலாந்திலிருந்து கனடா சென்ற ஜேம்ஸ் வேர்ட்ஸ், ஏரிக்கரையில் மாவரைக்கும் காற்றாலை கட்டினார். அடுத்த வருடம் மைத்துனர் வில்லியம் கூடர்ஹம் உறவினர், வேலையாட்களுடன் வந்து சேர்ந்தார். 1834இல் வேர்ட்ஸின் மனைவி பிரசவத்தில் இறந்தார். இரண்டு வாரத்தில் அவரும் ஆலைக் கிணற்றில் விழுந்து உயிரை மாய்த்தார்.

பிள்ளைகள் அநாதையாயினர். தாய்மாமன் கூடர்ஹம் அவர்களைப் பொறுப்பேற்றார். 1837இல் மிஞ்சிய தானியத்தில் விஸ்கி வடிக்கத் தொடங்கினார். 1845இல் வேர்ட்ஸின் மூத்த மகனைக் கூட்டாளியாக்கினார். நிறுவனத்தின் பெயரே 'கூடர்ஹம் அன்ட் வேர்ட்ஸ்' ஆயிற்று.

முதலாம் உலகப் போரில் அந்த ஆலை வெடிமருந்துக்கான அசற்றோன் தயாரித்தது. 1923இல் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1990இல் மூடப்பட்டது. இடித்துத் தள்ளாமல், 40க்கும் மேற்பட்ட செங்கல், கருங்கல் கட்டிடங்களைத் திருத்தி 2003இல் ஓவியக்கூடங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள். விஸ்கித் தாங்கிகள் இருந்த கட்டிடங்களில் 2006 முதல் பிள்ளைகள் நாடகம் படிக்கிறார்கள். நம் மலைநாட்டிலும் கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் சுற்றுலா விடுதியானது. பாழாய்க் கிடப்பதெல்லாம் பயனற்றதல்ல.

தோழியரே, உங்களில் பலர் அக்காவின் பிள்ளையை, அண்ணனின் பிள்ளையை வளர்க்கிறீர்கள். சோறும் உடுப்பும் கொடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் "நான் இங்கே இரவல்" என்ற நினைப்பு பிள்ளை மனதை அரிக்கும். வீட்டுப் பேச்சில் அதன் சொல்லையும் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் மரணச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பெற்றோரின் காணியில் அதற்குரிய உரிமை பற்றிக் கிராம சேவகரிடமும் சட்ட உதவி நிலையத்திலும் விசாரியுங்கள்.

இன்னொன்று: துணையை இழந்தவரை முதல் வாரங்களில் தனியே விடாதீர்கள். செத்த வீடு முடிந்து சனம் கலைந்த பிறகுதான் துக்கம் கனக்கும். அப்போது ஒரு தேத்தண்ணியோடு போய் அருகில் இருங்கள். "சாகலாம் போலிருக்கிறது" என்று யாரும் சொன்னால் அதை வெறும் பேச்சென்று தள்ளாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.