கிரிகரியின் கோப்பையும் பி.டி. வாத்தியாரின் பாடவேளையும்

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாகத் தேசியக் கால்பந்துக் கோப்பையை எடுத்தது. மார்ச் 17 அன்று பெங்களூரில் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக்கை வென்றது. ஏப்ரல் முதல் தேதி கொல்கத்தாவில் வங்காளத்தைத் தோற்கடித்து கேரளம் மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. இந்த மூன்றில் நம் நினைவில் நிற்பது நடுவில் உள்ளது மட்டும்தான். அதையும் அப்போதைய பயிற்சியாளர் ஜான் கிரிகரி என்ற ஆங்கிலேயரின் சாதனையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கிரிகரி திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கைக் கணக்கைப் புரட்டினால் வேறொரு பாடம் கிடைக்கிறது. பெரிய பயிற்சியாளர் ஒரு பருவத்தை மாற்றலாம். ஒரு மாநிலத்தின் ஆட்டத்தை மாற்றுவது அவர் கையில் இல்லை.

1954-இல் ஸ்கன்தார்ப்பில் பிறந்தவர் கிரிகரி. ஆஸ்டன் வில்லாவில் 2 முதல் 11 வரை எல்லா எண் சட்டைகளும் போட்டு ஆடியவர் என்று பெயர். எங்கே நிறுத்தினாலும் ஆடுவார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்காக 1982 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆடினார். இங்கிலாந்துக்கு ஆறு ஆட்டங்கள். பிறகு 1998-இல் அதே வில்லாவுக்கு மேலாளராகத் திரும்பினார். 1999 பிப்ரவரியில் கவென்ட்ரிக்கு எதிராக அவர் இறக்கிய பதினொருவரும் ஆங்கிலேயர்கள். பிரீமியர் லீக்கில் அப்படி ஓர் அணி களம் கண்டது அதுவே கடைசி என்பார்கள். (அன்று 4-1 என்று தோற்றார்கள், அது வேறு கதை.) பதினொருவரையும் உள்ளூரிலேயே பொறுக்க முடிந்ததற்குக் காரணம் கிரிகரி அல்ல. பள்ளி மைதானத்திலும் கிளப்பின் சிறுவர் அணியிலும் யாரோ பத்து, பன்னிரண்டு வருடம் உழைத்து அவர்களை ஆளாக்கி வைத்திருந்தார்கள்.

சென்னையில் அவருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் விதி மாறியிருந்தது: களத்தில் ஆறு இந்தியராவது இருக்க வேண்டும். பெங்களூர் இறுதியாட்டத்தில் எதிரணியின் சுனில் சேத்ரி முதலில் கோல் போட்டார். பிறகு சென்னை ஆட்டக்காரர் கிரிகரி நெல்சன் உதைத்த இரண்டு கார்னர்களையும் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார், முடிவு 3-2. கார்னர் கோல்கள் பயிற்சியின் பலன், சந்தேகமே இல்லை. அதே ஆட்டத்தில் நடுக்களத்தைக் காத்து நின்றவர் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ். வியாசர்பாடி அவரை கிரிகரிக்காக வளர்க்கவில்லை. கிரிகரி வருவதற்கு வெகுநாள் முன்பே வளர்த்துவிட்டது. அடுத்த பருவத்தில் கணேஷ் முழங்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்தார். முந்தைய பருவத்தில் ஒன்பது கோல் அடித்த முன்கள ஆட்டக்காரர் ஜெஜேவின் காலும் ஓய்ந்தது. அதே கிரிகரியின் கீழ் பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி, பட்டியலில் கடைசி இடம். அதே 2018-19 பருவத்தில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் ஆட்டக்காரர்களோடு கோவையில் ஆடிய சென்னை சிட்டி ஐ-லீக்கையே வென்றது. அதன் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2019 நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். ஓவன் காய்ல் வந்தார். ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய அவர்களே. அணியோ 2020 மார்ச்சில் இறுதியாட்டம் வரை போனது. ஆக, பயிற்சியாளர்தானே எல்லாம்? ஒரு பருவத்துக்கு, ஆமாம். ஆனால் அடுத்த பருவத்திலேயே காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். சென்னை எட்டாம் இடத்துக்கு இறங்கியது. ஜாம்ஷெட்பூர் 2021-22-இல் லீக் ஷீல்டை வென்றது. வித்தை அவரோடு வந்தது, அவரோடு போயிற்று. சாரல் தொடங்கியதும் முளைத்து, அருவியில் தண்ணீர் குறைந்ததும் மூட்டை கட்டும் குற்றாலத்து சீசன் கடைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கடைக்காரர்மீது குறையில்லை, அவர் தொழில் அது. ஊர்க்காரர்கள் அதை நம்பி வருடம் முழுக்கப் பிழைக்க முடியாது, அவ்வளவுதான்.

குற்றாலத்திலிருந்து புறப்பட்டுப் புளியறைச் சோதனைச்சாவடியைத் தாண்டி மலையேறினால் ஆரியங்காவு, அங்கிருந்து கேரளம். அவர்களும் ஆங்கிலேயர்களைக் கொண்டுவந்து பார்த்தவர்கள்தான்: டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், ஸ்டீவ் காப்பல். அவர்களுடைய சூப்பர் லீக் அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று இறுதியாட்டங்களில் தோற்றது. ஆட்டக்காரர் இருந்தால் போதும் என்றால் கேரளம் ஏன் லீக்கை வெல்லவில்லை என்று கேட்பது நியாயம். லீக் கோப்பையில் பணமும் ஏலமும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கின்றன. மாநிலத்தின் சொந்தச் சரக்கை அளக்க சந்தோஷ் கோப்பைதான் நேரான தராசு. அதை 2018-இல் சதீவன் பாலன், 2022-இல் பினோ ஜார்ஜ் என்று உள்ளூர்ப் பயிற்சியாளர்களை வைத்தே கேரளம் வென்றது. தமிழ்நாடு ஒரு முறைகூட வென்றதில்லை. 2012-இல் கட்டாக்கில் படையினரின் சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று இறுதியில் தோற்றது. மலைக்கு இரண்டு பக்கமும் பெய்வது ஒரே மழைதான்.

தனியார் கிளப் தன் காசில் யாரை வைத்தால் நமக்கென்ன என்றும் கேட்கலாம். வைத்துக்கொள்ளட்டும். கேள்வி அரசுக்கும் நமக்கும்தான். வெளிநாட்டுப் பெயருக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்காவது அரசுப் பள்ளி பி.டி. வாத்தியாருக்குக் கிடைக்கிறதா? அவருடைய பாடவேளையைத் தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பெற்றோரும் அதுதான் சரி என்கிறார்கள். தென்காசி தனி மாவட்டமானதும் கிரிகரி சென்னையை விட்டுப் போன அதே 2019 நவம்பரில்தான். அந்த மாவட்டத்தின் செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொடக்க நிலைகளில் ஒன்றான ‘டி’ உரிமப் பயிற்சியை அரசு செலவில் கொடுக்கலாம். பெற்றவரை அடுத்த ஜூனில் வேறு மாவட்டத்துக்கு மாற்றாமல் சில வருடம் அதே பள்ளியில் விட்டுவைக்கலாம். ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு பெரிதாக இருக்க வழியில்லை.