உலைக்குப் போகும் பாட்டி நகை

இன்று பவுன் என்ன விலை?

நகைக்கடைக்குள் நுழைகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 70,000 ரூபாயைத் தாண்டியது. அதோடு நிற்கவில்லை. மேலும் ஏறிற்று. விலை ஏற ஏற, பெட்டிக்குள் கிடந்த பழைய நகைகள் வெளியே வருகின்றன. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு, தீராத கடன். காரணம் பலவாக இருக்கலாம். நகை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். உலை!

பாட்டி போட்டிருந்த சிவப்புக்கல் அட்டிகையைக் கடையில் கொடுத்தால் என்ன நடக்கிறது? தராசில் வைக்கிறார்கள். கல்லின் எடையைக் கழிக்கிறார்கள். கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்கின் எடையையும் கழிக்கிறார்கள். மாற்றுக் குறைவு என்று இன்னும் கொஞ்சம் போகிறது. மிஞ்சிய தங்கத்துக்குத்தான் பணம். கேட்டால், பெயர்த்த கற்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பொட்டலம் வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் கிடக்கும். பிறகு அதுவும் காணாமல் போகும்.

அட்டிகை செய்தவனின் வேலைக்கு என்ன விலை? நூறு வருஷம் அது தாங்கி வந்ததற்கு என்ன விலை? தராசில் அதற்குப் படிக்கல் கிடையாது.

ஆனால் அதற்கும் விலை போடுகிற இடம் உலகத்தில் இருக்கிறது.

பத்து வருஷத்தில் சேர்த்த புதையல்

2019-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி. நியூயார்க் நகரில் கிறிஸ்டி கம்பெனி ஓர் ஏலம் நடத்தியது. மொகலாயர் காலத்து நகைகள், மகாராஜாக்கள் அணிந்த ஆரங்கள், தலைப்பாகைப் பதக்கங்கள், ரத்தினம் பதித்த வாள்கள் என்று ஏறக்குறைய 400 உருப்படிகள். எல்லாம் சேர்ந்து சுமார் 10 கோடியே 90 லட்சம் டாலருக்குப் போயின!

விற்றவர்கள் கத்தார் நாட்டு அல்தானி அரச குடும்பத்தார். அந்தக் குடும்பத்து ஷேக் ஒருவர், 2009-ல் லண்டன் மியூசியத்தில் இந்திய மகாராஜாக்களைப் பற்றிய கண்காட்சியைப் பார்த்தார். அதில் ஏற்பட்ட ஆசையில் வாங்கத் தொடங்கினார். பத்தே வருஷத்தில் இவ்வளவு சேர்ந்துவிட்டது. அவர் பணக்காரர் என்பது மட்டும் காரணம் அல்ல. விற்பதற்கு அவ்வளவு இந்திய நகைகள் வெளிநாடுகளில் இருந்தன.

எலும்புக்கூடான ஆரம்

பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், பெட்டி பெட்டியாகக் கற்களைப் பாரீஸுக்குக் கொடுத்தனுப்பினார். கார்ட்டியே கம்பெனியார் அவற்றைக் கொண்டு ஓர் ஆரம் செய்து 1928-ல் முடித்தார்கள். அதில் 2,930 வைரங்கள். நடுவே கோலிக்குண்டைவிடப் பெரிய மஞ்சள் வைரம் ஒன்று. 234 காரட்!

1948 வாக்கில் ஆரம் காணாமல் போயிற்று. 1982-ல் அந்த மஞ்சள் வைரம் மட்டும் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. 1998-ல் லண்டனில் ஒரு பழைய நகைக் கடையில் ஆரத்தின் பிளாட்டினம் சங்கிலிகள் அகப்பட்டன. பெரிய கற்கள் ஒன்றுகூட அவற்றில் இல்லை. கார்ட்டியே கம்பெனியே அதை வாங்கி, காலியான இடங்களில் செயற்கைக் கற்களைப் பதித்துச் சீர் செய்தது. இன்று பார்வைக்கு வைக்கப்படுவது அதுதான்.

மகாராஜா வீட்டு ஆரத்துக்கும் நம் பாட்டி அட்டிகைக்கும் ஒரே கதிதான். கல்லைத் தனியாக, உலோகத்தைத் தனியாக விற்பது சுலபம். யாருடைய நகை என்று அடையாளமும் தெரியாது. பாகம் பிரிக்கும்போதும் அப்படித்தான். நாலு பேருக்கு ஓர் ஒட்டியாணம் என்றால் பெண்கள் என்ன செய்வார்கள்? வெட்டித்தான் ஆக வேண்டும்.

சர்க்காரின் சட்டமும் ஒரு காலத்தில் பழைய நகைக்காரர்களை மிரட்டியது. சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது என்றார்கள். ஆயிரக்கணக்கான பத்தர்கள் பட்டறையை மூடினார்கள். கல் கட்டும் வேலை தெரிந்த கைகள் வேறு பிழைப்புக்குப் போயின. 1968-ல் வந்த சட்டப்படி, அளவுக்கு மேல் ஆபரணம் வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அது 1990-ல்தான் ரத்தாயிற்று.

நைஜாம் நகைகள் மட்டும் ஒரு விதிவிலக்கு. ஐதராபாத் நைஜாமின் டிரஸ்டுகளிடமிருந்து 173 உருப்படிகளை, நீண்ட வழக்குக்குப் பின், 1995-ல் இந்திய சர்க்கார் சுமார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 184 காரட்டுக்கு மேல் எடையுள்ள ஜேக்கப் வைரமும் அதில் உண்டு. இதை நைஜாம் காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்திருந்தாராம்! நகைகள் சிதறாமல் தப்பின. ஆனால் பம்பாய் ரிசர்வ் பாங்கு பெட்டகத்திலிருந்து அவை ஜனங்கள் கண்ணுக்கு வந்தது 2001, 2019 என்று சில தடவைகள்தான்.

துறைமுகத்தில் பூட்டு, உலைக்கு இல்லை

1972-ல் தொல்பொருள் சட்டம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. நகையும் இதில் அடங்கும். சட்டம் நல்லதுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அதற்கு முன்பே வெளியே போனவை மேலும் மேலும் விலை ஏறுகின்றன. இந்தூர் மகாராஜாவிடம் இருந்த ஒரு நீல வைரம் 1947-ல் அமெரிக்க வியாபாரி கைக்குப் போயிற்று. 2025 மே மாதம் ஜெனீவா ஏலத்துக்கு அதைக் கொண்டுவந்தபோது, 3½ கோடி டாலருக்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். ஏலத்துக்கு முன்பே தனிப்பட்ட முறையில் விற்றுவிட்டார்கள்.

உள்நாட்டில் இருப்பவைக்கோ, பெரும்பாலான ஊர்களில் தங்க எடைதான் விலை. கப்பல் ஏறுவதைச் சட்டம் தடுக்கிறது. உலையில் இறங்குவதை யாரும் தடுப்பதில்லை!

எல்லாம் மாணிக்கம் அல்ல

அதற்காக வீட்டிலுள்ள சிவப்புக்கல் எல்லாம் பர்மா மாணிக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் வீடுகளில் மோகோக் சுரங்கத்து மாணிக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் வெர்னாய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, நெருப்புச் சுவாலையில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். அதன் பிறகு தொழிற்சாலைக் கல் மலிந்துவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதனுள் வளைந்த கோடுகள் தெரியும். பாட்டி ஏமாந்திருக்கலாம். பாட்டிக்குத் தெரிந்தேயும் இருக்கலாம். கண்ணாடிக் கல்லை அடியில் தகடு வைத்துக் கட்டிய கெம்பு நகைகளும் ஏராளம்.

வைரத்தோட்டின் கதை வேறு. 'புளூ ஜாகர்' என்று தாய்மார்கள் பெருமையோடு சொல்லும் ஏழுகல் தோட்டு வைரம், தென் ஆப்பிரிக்காவில் ஜாகர்ஸ்பான்டீன் சுரங்கத்தில் எடுத்தது. லேசான நீலச்சாயை அதன் அடையாளம். அந்தச் சுரங்கம் 1971-ல் மூடப்பட்டது.  ஆகவே, பெயரைச் சொல்லி விற்கும் வேறு கற்கள்தான் அதிகம்.

இன்னொரு விஷயம். கடைகளில் 'ஆன்டிக் நகை' என்று விற்பது பெரும்பாலும் பழைய நகை அல்ல. மெருகை மங்கலாக்கிய புது நகை!

கொடுப்பதற்கு முன்

பழைய நகையில் ஹால்மார்க் முத்திரை இராது. அதனால் விற்கவே முடியாது என்று பயப்பட வேண்டியதில்லை. முத்திரை கட்டாயம் என்பது விற்கும் கடைக்காரருக்குத்தான். தங்கத்தின் மாற்றை மதிப்பீட்டு மையத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கல்லை ரத்தினப் பரிசோதனைச் சாலையில் காட்டலாம். கல்லைப் பெயர்க்கும் முன்பே காட்ட வேண்டும். பெயர்த்துவிட்டால் நகை போயிற்று.

முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். பழைய கடைப் பெட்டி, மங்கிப் போன ரசீது, அந்த நகையோடு பாட்டி நிற்கும் கல்யாணப் படம் இவற்றை எறிந்துவிடக் கூடாது. சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.