வரிக் கணக்கு ஓரிடத்தில் இருக்கட்டும்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி வீதங்கள் மாறின. பெரும்பாலான மருந்துகள் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. மருந்து மொத்த வியாபாரிகளுக்கு டேட்டாபேஸ் பராமரிப்பது என் தொழில். அந்த வாரம் போன இடமெல்லாம் ஒரே கதைதான். பில்லுக்கு ஒரு ஸ்கிரிப்ட், திரும்பி வரும் சரக்குக்கு ஒன்று, மாதக் கணக்குக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் 12 என்ற எண்ணைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள்.

எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. செப்டம்பர் 21 வரை போட்ட பில்லின் சரக்கு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் பழைய 12-தான் வர வேண்டும். ஆகவே பில் தேதியைப் பார்த்து வீதத்தைச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்று வேண்டும். அது ஒரே கோப்பில் இருக்க வேண்டும். மற்ற ஸ்கிரிப்டுகள் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். காப்பி பேஸ்ட் கூடவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

வாங்கிக்கொள்ளும் விதத்திலும் கவனம் தேவை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ‘ஐ’ (\i) என்ற கட்டளை இன்னொரு கோப்பை உள்ளே இழுக்கும். ஆனால் நாம் எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுகிறோமோ அங்கேதான் தேடும். பகலில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், இரவில் வேறு ஃபோல்டரிலிருந்து தானாக ஓடும்போது, ‘கோப்பு இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். டேட்டாபேஸில் பழைய ஃபங்ஷன் அப்படியே கிடக்கும். காலையில் பழைய வீதத்தில் பில் விழும், யாருக்கும் தெரியாது. ‘ஐஆர்’ (\ir) என்று எழுதினால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடும். பிழை வந்தால் நிறுத்தும் ‘ஆன் எரர் ஸ்டாப்’பையும் சேர்த்துவிட வேண்டும்.

இதைவிட நல்ல வழி எக்ஸ்டென்ஷன். போஸ்ட்கிரஸில் 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஃபங்ஷன்களைப் பதிப்பு எண்ணோடு நிறுவலாம். எந்தக் கிளையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை உடனே பார்த்துவிடலாம்.

ஓரிடத்தில் தப்பானால் எல்லா இடத்திலும் தப்பாகுமே என்பார்கள். ஆகும்தான். அதனாலேயே சீக்கிரம் கண்ணில் படும், ஒரே திருத்தத்தில் சரியாகும். பத்து இடத்தில் பத்து விதமாகத் தப்பானால் ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியவரும்.

கடை முதலாளிகளே, உங்கள் சாஃப்ட்வேர்காரரிடம் இன்றே கேளுங்கள்: வரிவீதம் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது? ஒன்றுக்கு மேல் சொன்னால், அடுத்த வீத மாற்றத்துக்கு முன்பே ஒன்றாக்கச் சொல்லுங்கள்.