அவயவ தானமும் நமது கடமையும்

வியாழக்கிழமைதோறும் அய்யலூர்ச் சந்தையில் ஆடு, கோழி வாங்கவும் விற்கவும் சுற்றுவட்டார ஜனங்கள் திரளாகக் கூடுகிறார்கள். திருச்சி - திண்டுக்கல் நெடுஞ்சாலை அவ்வூர் வழியே செல்கிறது. அச்சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும் வாலிபன் ஒருவன் விபத்தில் சிக்கி, அவன் மூளை இறந்துவிட்டதென்று வைத்தியர்கள் முடிவு செய்தால், அவன் குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி கேட்கப்படும். அவன் அவயவங்களைத் தானம் செய்யச் சம்மதமா என்பதே அது. துக்கம் தொண்டையை அடைக்கும் அந்த நேரத்தில் யார்தான் நிதானமாக விடை கூற முடியும்? ஆகையால் அதை இன்றே யோசித்து வைக்க வேண்டும் என்கிறோம்.

2008-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் திருக்கழுக்குன்றத்துப் பள்ளி மாணவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச் சாவடைந்தான். வைத்தியர்களான அவன் பெற்றோர் மகனுடைய அவயவங்களைத் தானம் செய்தனர். போலீஸார் சாலையை ஒழித்துக் கொடுக்க, அவன் இருதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சில நிமிஷங்களில் போய்ச் சேர்ந்து, ஒரு சிறுமிக்கு உயிரளித்தது. தமிழ்நாட்டு ஜனங்கள் இத்தானத்தின் பெருமையை உணர்ந்தது அன்றுதான். தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு சர்க்கார் மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பர் 23-ந் தேதி முதன் மந்திரி அறிவித்தார்.

“இருதயம் துடிக்கும்போது இறந்துவிட்டான் என்பது எப்படி?” என்று சிலர் அஞ்சுகிறார்கள். மூளைத்தண்டு இறந்தபின் சுவாசம் தானாகத் திரும்புவதில்லை. யந்திரம் காற்றைச் செலுத்துவதால் மட்டுமே இருதயம் சிறிது காலம் துடிக்கிறது. 1994-ம் வருஷச் சட்டப்படி நான்கு வைத்தியர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், இருமுறை பரிசோதிக்க வேண்டும். அவயவத்தைப் பொருத்தும் வைத்தியருக்கு அக்குழுவில் இடமில்லை. உடலும் முறையாகத் தைத்தே ஒப்படைக்கப்படுகிறது. குல வழக்கப்படி சகல கர்மங்களையும் செய்யலாம்.

ஏழை கொடுப்பது செல்வந்தனுக்கே போய்ச் சேருமோ என்ற சந்தேகமும் உண்டு. அதை அலட்சியம் செய்வதற்கில்லை. அவயவ விற்பனையைச் சட்டம் தடுக்கிறது. காத்திருப்போர் பெயர்கள் சர்க்கார் ஏற்பாட்டில் பதிவாகின்றன. ஆயினும் யாருக்கு எந்த முறையில் கிடைத்தது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி விளங்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சை மேலும் பெருக வேண்டும். ஏழை கொடுக்கும் நாட்டில் ஏழைக்கும் கிடைப்பதே நியாயம்.

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியைச் சோழர் குல முன்னோனென்று போற்றுகிறோம். அவன் உயிரோடிருக்கையில் கொடுத்தான். நம்மிடம் கேட்கப்படுவதோ, மண்ணோ நெருப்போ கொள்ளப்போகும் பொருள். அதனால் எட்டுப் பேர் வரை பிழைக்கலாம். இதற்கும் கை சுருங்கினால் சிபியின் பெயரைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

தானப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. உறவினர் சம்மதமின்றி ஒன்றும் நடவாது. ஊர்தோறும் மேடையேறும் தேச ஊழியர்கள் இதை முதலில் தங்கள் வீட்டுத் திண்ணையில் பேசட்டும். தாயிடமும் மனைவி மக்களிடமும் தமது விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லட்டும். அய்யலூர்வாசிகள் அடுத்த வியாழக்கிழமை சந்தைக்குப் புறப்படுமுன் அந்த ஒரு வார்த்தையை வீட்டில் சொல்லி வைப்பார்களாக!