கரிசலில் மறையும் பூச்சிகள்

மக்கள் பெருகியதால்தான் பூச்சியினம் அழிகிறது என்போர், தமிழகத்தின் கருவள விகிதத்தைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அது 1.8, மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1-ஐவிடக் குறைவு. ஆயினும், மழை பெய்த இரவில் கோவில்பட்டித் தெருவிளக்கை மொய்த்த பூச்சிக்கூட்டத்தை இன்று நான் காண்பதில்லை.

கம்பும் உளுந்தும் பருத்தியும் விளைந்த கரிசலில் மக்காச்சோளம் பரவியது. 2018-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு அதனைத் தாக்கவே, மருந்துத் தெளிப்பு கூடியது. தெளிக்கும் நஞ்சில் பலவும் புழுவை மட்டும் தேடிக் கொல்பவையல்ல. விளைந்த மக்காச்சோளத்தின் பெரும்பகுதியோ கோழித்தீவனம். வாரம் இருமுறை கோழிக்கறி உண்ணும் நான், தெளிப்பான் சுமக்கும் சம்சாரியை மட்டும் எப்படிக் குற்றஞ்சாட்டுவது?

வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும் என்கின்றனர் வேளாண் அறிஞர்கள். மானாவாரி விவசாயிக்கு அந்த விதையையாவது அரசு இலவசமாக வழங்கலாம்; புரட்டாசி விதைப்புக்கு முன்பே.