இளைஞரணி யாருக்குப் பதில் சொல்கிறது?

பழமைவாதக் கட்சியின் இளைஞரணி என்றாலே தலைமையின் எதிரொலி என்று முடிவுகட்டிவிடும் வழக்கம் நம் ஆய்வுலகில் உண்டு. 2025 இறுதியில் ஜெர்மனியில் நிகழ்ந்தது அந்த முடிவுக்குள் அடங்கவில்லை.

அங்கே கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்துக்கும் பவேரியாவின் கிறிஸ்தவ சமூக ஒன்றியத்துக்கும் பொதுவான இளைஞர் அமைப்பு ‘யுங்கே யூனியன்’. 1947இல் தோன்றியது, 14 முதல் 35 வயது வரையினர் சேரலாம், தாய்க்கட்சியில் உறுப்பினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. தலைவரைப் பேராளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பூசல் ஓய்வூதியத்தில் எழுந்தது. ஓய்வூதிய அளவை 2031 வரை 48 விழுக்காட்டில் நிலைநிறுத்தும் சட்ட முன்வரைவைச் சமூக ஜனநாயகக் கட்சியுடன் சேர்ந்து சான்சலர் மெர்ஸ் கொண்டுவந்தார். அதன் விளைவு 2031க்குப் பின்னும் நீளும், 2040க்குள் ஏறத்தாழ 12,000 கோடி யூரோ கூடுதல் சுமை தங்கள் தலைமுறையின்மேல் விழும் என்பது இளைஞர்களின் வாதம். கூட்டணியின் பெரும்பான்மையோ வெறும் 12 இடங்கள். கட்சியின் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவில் 18 பேர். யுங்கே யூனியன் தலைவர் யோஹன்னஸ் விங்கெல் அவர்களுள் ஒருவர். தம் கட்சி இளைஞர்களின் வாக்குக்காகச் சான்சலர் வாரக்கணக்கில் மன்றாட வேண்டியிருந்தது. டிசம்பர் 5 அன்று 318 வாக்குகளுடன் சட்டம் நிறைவேறியது. இளைஞர்கள் தோற்றார்கள்.

அவர்களுடைய கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியம் இறங்கினால் முதலில் அடிபடுவோர் குறைந்த ஊதியத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள், அவர்களிலும் பெண்கள். ஆயினும் எதிர்க்கத் துணிந்ததை மதிக்கிறேன். அத்துணிவு தனிமனிதப் பண்பு மட்டுமன்று. உறுப்பினர் வாக்கால் பதவி பெற்றவர் உறுப்பினருக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழில் ‘அணி’ என்பதற்குப் படைவரிசை என்றும் ஆபரணம் என்றும் பொருளுண்டு. மொழியியல் மாணவனுக்கு இது இருசொல் ஒருவடிவச் சிக்கலாகத் தோன்றலாம். நம் கட்சி மாநாடுகளைப் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே பொருள்தான்.

பாரதிய ஜனதா யுவ மோர்ச்சாவின் தேசியத் தலைவரைக் கட்சித் தலைவரே நியமிக்கிறார். 2020இல் தேஜஸ்வி சூர்யாவை நியமித்தவர் ஜே.பி. நட்டா. இது ஒரு கட்சியோடு நிற்கும் நோயுமன்று. உட்தேர்தல்களை நடத்திப் பார்த்த இளைஞர் காங்கிரசுக்கும் 2024இல் தேசியத் தலைவரை அறிவித்தது கட்சித் தலைமைதான். மாநிலக் கட்சிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்தானது. அவர்களில் ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர்களும் ஏராளமாக இருந்திருப்பார்கள். அவர்கள் பொருட்டு, தம்மை நியமித்த தலைமை அமர்த்திய கல்வி அமைச்சரை எதிர்த்து வாதிட வேண்டிய கட்டாயம் அக்கட்சியின் இளைஞரணியில் எவருக்கும் இல்லை.