பத்மினிக்குத் தொண்டையில் விரிசல்

காரைக்கால்வாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கஷ்டம் வந்தாலும் காரணம் தேடி அலைய வேண்டாம். மேற்கே ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. கரண்ட் போச்சா? சனி. பையன் கணக்கில் ஃபெயிலா? சனி. எங்கள் வீட்டில் ஆறு மாசமாக ஒரு விஷயத்துக்கு அவர் தலையில் பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கதைதான் இது.

எங்களிடம் இருப்பது பிரீமியர் பத்மினி கார். 1984 மாடல். அப்பா புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஊரைவிட்டுப் போனார்கள். முப்பது வருஷம் கழித்து எங்கள் தெருவுக்கு ஓர் இத்தாலிக்காரி வந்து சேர்ந்தாள். இத்தாலிக்காரி என்று சும்மா சொல்லவில்லை. அசலில் இது ஃபியட் 1100. பம்பாயில் 1964-லிருந்து தயாரானது. 1974-ல்தான் பத்மினி என்று பெயர் சூட்டினார்கள். 1089 சி.சி., சுமார் நாற்பது குதிரை. இன்றைய தேதியில் அதில் எத்தனை குதிரை உயிரோடு இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாசம் ஒருமுறை அம்மாவை ஏற்றிக்கொண்டு கும்பகோணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவோம். பேரளம் தாண்டுவதற்குள் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். "தலை விண்ணு விண்ணுங்குதுடா." அப்புறம் குமட்டல். கும்பகோணத்தில் இறங்கி, டிகிரி காபி குடித்து, ஒரு தூக்கம் போட்டால் சாயங்காலம் சரியாகிவிடும். பெருமையெல்லாம் காபிக்குப் போகும்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். ஜோசியர் மட்டும் திட்டவட்டமாகச் சொன்னார்: "அம்மாவுக்கு அஷ்டமத்துச் சனி." ஆறு சனிக்கிழமை எள் தீபம் போட்டோம். அதே காரில்தான் போனோம் என்பதைக் கவனிக்கவும்.

ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு அக்கா பையன் லீவில் வந்தான். துபாயில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை. ஷேக்குகளின் ஸ்போர்ட்ஸ் கார் வயிற்றுக்கு அடியில் படுத்திருப்பதுதான் அவன் உத்தியோகம். காலையில் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். திண்ணையில் மாம்பழம் சப்பிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான்.

"மாமா, அது என்ன டிக் டிக் சத்தம்?"

"டேப்பெட்டுப்பா. சூடானா அடங்கிடும்."

"சூடானா அடங்குதுன்னா அது டேப்பெட் இல்ல மாமா."

பானெட்டைத் திறந்தான். என்னை ஒரு ஈரத்துணியால் சைலன்சர் வாலை லேசாக அழுத்தச் சொன்னான். டிக் டிக், டப் டப் ஆனது. இன்ஜின் பக்கவாட்டில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறதே, நாலு சிலிண்டர் புகையையும் வாங்கி ஒரே குழாயில் தள்ளுகிற வார்ப்பிரும்புக் கை, அதன் நடுவே கரி அப்பியிருந்தது. துடைத்தான். தலைமுடி மாதிரி ஒரு கீறல்.

"குளிர்ந்திருக்கும்போது கீறல் திறந்திருக்கும், சத்தம் வரும். சூட்டுல இரும்பு விரிஞ்சு வாய் மூடிக்கும். ஆனா முழுசா மூடாது மாமா."

"இந்தக் கிழட்டு வண்டிக்கு இதெல்லாம் சகஜம்ப்பா" என்றேன்.

அவன் சிரித்தான். "எங்க ஷாப்புக்கு ஃபெராரி 355 வரும். 1994-லேருந்து 99 வரைக்கும் வந்த வண்டி. அதுக்கும் இதே வியாதிதான்!"

எனக்கு மார்பு சற்று விரிந்தது. ஃபெராரியும் நம்ம பத்மினியும் ஒரே வியாதிக்காரர்கள்! உறவும் உண்டு. 1969-ல் ஃபெராரி கம்பெனியில் பாதியை ஃபியட் வாங்கிக்கொண்டது. ஆக, பங்காளி வீடுதான்.

பையன் விளக்கினான். ஃபெராரிக்கு எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. புகை தடங்கலில்லாமல் ஓடவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக மெல்லிய குழாய் வளைத்து, சூடு வெளியே தெரியாமல் இருக்க மேலே தகட்டுச் சட்டை போட்டு மூடிவிட்டார்கள். சூடு உள்ளேயே புழுங்கி, உள்குழாய் வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றிருக்கும். கவனிக்காமல் ஓட்டினால் வால்வு வரைக்கும் சேதம். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு, கனமான ஸ்டீல் குழாயில் செய்ததை மாட்டிக்கொள்வார்களாம். செலவு லட்சக்கணக்கில்.

"நம்ம வண்டிக்கு எவ்வளவுடா?" என்று நான் கேட்பதற்குள், அவன் கேட்டான். "மாமா, பாட்டிக்குத் தலைவலி கார்ல மட்டுமா? பஸ்ல போனா வருதா?"

யோசித்தேன். சித்திரையில் வண்டி ரிப்பேராகி பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம் என் சம்சாரத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். தலைவலி வரவே இல்லை.

பையன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பானெட்டுக்கும் நம் காலடிக்கும் நடுவிலிருக்கும் தகட்டைத் தட்டிக் காட்டினான். எப்போதோ ஹாரன் ஒயர் போட்ட ஓட்டை, ரப்பர் இல்லாமல் ஈ என்று இளித்தது. முன்சீட்டில் அம்மாவின் காலுக்கு நேரே. காத்து ஆகாது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருகிறவள் அவள்.

"கார்பன் மோனாக்சைடு மாமா. நிறம் இல்ல, வாசனை இல்ல. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல ரத்தத்துல இறுக்கமா ஒட்டிக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில அது நிறையவே வரும். தலைவலி, குமட்டல், தூக்கம்... அதுக்கு மேல போனா எழுப்ப முடியாது."

தூக்கம்! அந்த வார்த்தையில் எனக்கு வேர்த்துவிட்டது. மார்கழிப் பனியில் பேரப்பிள்ளைகளைப் பின்சீட்டில் போட்டு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஓட்டியிருக்கிறேன். பத்தே நிமிஷத்தில் இரண்டும் தூங்கிப்போகும். "என்ன வண்டி பாருங்க, தொட்டில் மாதிரி!" என்று சம்பந்தியிடம் பீற்றிக்கொண்டவன் நான்தான். தொட்டில்!

அன்றைக்கே வண்டி மெக்கானிக் பாயிடம் போயிற்று. பாய் அடியில் நுழைந்து பார்த்துவிட்டு, கையில் ஒரு கட்டுக்கம்பியோடு வெளியே வந்தார். "இது யார் வேலை சார்?"

என் வேலைதான். இரண்டு வருஷத்துக்கு முன் சைலன்சர் குழாயைத் தாங்கும் பிராக்கெட் ஒடிந்தது. ஐந்து ரூபாய்க் கம்பியால் கட்டி, மிச்சம் பிடித்தேன்.

"கம்பி தொய்ஞ்சிடுச்சு. அவ்வளவு நீளக் குழாயும் மேனிஃபோல்டைப் பிடிச்சுத் தொங்குது. அது என்ன பண்ணும்? அப்புறம், ஓட்டிட்டு வந்த சூட்டோட இன்ஜின்ல தண்ணி அடிப்பீங்களா?"

அதுவும் செய்வதுண்டு. சுத்தம் சோறு போடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

வெல்டிங் வைத்துவிடலாமா என்றேன். "வைக்கலாம். வார்ப்பிரும்பை மெதுவா சூடு பண்ணி, நிக்கல் ராடு வச்சு ஒட்டி, சாம்பல்ல புதைச்சு ஆற விடணும். அவசரப்பட்டா ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே புதுசா விடும். உள்ளே ஆளு உட்கார்ற வண்டி சார். வேற போடுங்க."

துபாய்க்காரன் விடவில்லை. "ஃபெராரி மாதிரி நாலு தனிக்குழாய் ஸ்டீல்ல வளைச்சுடலாமா பாய்?"

பாய் தாடியைத் தடவினார். "தம்பி, ஃபெராரிக்குப் போறது முக்கியம். இந்த வண்டிக்குத் திரும்பி வர்றது முக்கியம்."

சென்னைக்கு பஸ் ஏறினோம். புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய பாகம் இல்லை. பிறந்த தேதி சொன்னால் நம் பழைய பல்கூடக் கிடைக்கும் போலிருக்கிறது. இரண்டு மேனிஃபோல்டு கிடைத்தன. எது நல்லது என்று தெரியாமல் இரண்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தோம்.

திண்ணையில் இறக்கியதும் அம்மா வந்தாள். "தூக்கிப் பிடிடா." பிடித்தேன். பானை வாங்குகிறவள் மாதிரி கரண்டிக்காம்பால் தட்டினாள். முதலாவது 'டப்' என்றது. இரண்டாவது 'டங்ங்' என்று கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. "இதை வை. அதை எறி."

பாய் நம்பவில்லை. முதலாவதில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினார். கொஞ்ச நேரத்தில் பொடியின்மேல் ஈரக்கோடு ஒன்று ஊறி வந்தது. விரிசல்! பாய் அம்மாவைப் பார்த்து, "ஷாப்புக்கு வந்துடுங்கம்மா, சம்பளம் போட்டுத் தர்றேன்" என்றார்.

பழையதைக் கழற்ற மூன்று நாள். நட்டுகளுக்கு இரண்டு ராத்திரி எண்ணெய் ஊறவிட்டார். தலை அலுமினியம், வம்பு பண்ணினால் ஸ்டட் உள்ளேயே முறியும். புதியதன் முகத்தை லேத்தில் சமன்படுத்தி, புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்காக முடுக்கினார். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச்சொல்லி, ஆறவிட்டு மறுபடி முடுக்கினார். பிராக்கெட் புதுசு. ஓயர் ஓட்டைக்கு ரப்பர். என் கட்டுக்கம்பியை மட்டும் மடித்து என் பையிலேயே போட்டார், ஞாபகார்த்தமாக.

போன மாசம் கும்பகோணம் போனோம். பேரளம், கொல்லுமாங்குடி எல்லாம் தாண்டியும் அம்மா வாயை மூடவில்லை. என் சம்சாரம்தான் தலைவலிக்கிறது என்றாள். அது வேறு காரணம். குழந்தைகள் ஜன்னலோரச் சீட்டுக்காக அடித்துக்கொண்டு கத்தின. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

திரும்பி வரும்போது அம்மா சொன்னாள், "வர்ற சனிக்கிழமை திருநள்ளாறு போகணும்டா."

"அதான் சரியாயிடுச்சேம்மா. சனி இல்ல, சைலன்சர்னு தெரிஞ்சுபோச்சே!"

"அதுக்குத்தான் போகணுங்கறேன். நீ கம்பி கட்டினதுக்கு ஆறு மாசம் அவர் மேல பழி போட்டோமே, மன்னிப்புக் கேட்க வேணாமா?"